திருச்சி – யாழ்ப்பாணம்: 184 கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணி நேரம்?

இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று இணையத்தில் தேடினால் பத்துப் பக்கங்கள் பத்து விடை சொல்லும். பெரும்பாலான பக்கங்கள் நேர்கோட்டுத் தூரத்தை எடுத்து, மணிக்கு 800 கிலோமீட்டர் என்ற ஒரே வேகத்தால் வகுத்துத் தள்ளிவிடுகின்றன. சென்னை – லண்டனுக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். திருச்சி – யாழ்ப்பாணத்துக்குப் போட்டால் 14 நிமிடம் என்று வரும். அதை நம்பி, யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியில் வண்டிக்காரரை நிற்கச் சொன்னவர் அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்.

குறுந்தூரத் தடங்களில் தூரத்தைவிட மற்றவைதான் நேரத்தைத் தின்கின்றன. அவை எவை, எவ்வளவு தின்கின்றன என்று தெரிந்துவிட்டால் எந்த இரண்டு சிறிய நிலையங்களுக்கும் பறப்பு நேரத்தை நீங்களே போட்டுவிடலாம். ஒரு காகிதம், ஒரு கால்குலேட்டர் போதும். இங்கே திருச்சி – யாழ்ப்பாணம் தடத்தை எடுத்து முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 2025 மார்ச் 30 அன்று இந்தத் தடத்தில் இண்டிகோ நேரடிச் சேவையைத் தொடங்கியது. ஓடுவது ஏடிஆர் 72 வகை டர்போபிராப், அதாவது விசிறி வைத்த விமானம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் கணக்கு முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது.

முதல் படி: சரியான நிலையத்தைப் பிடியுங்கள்

சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் தவறுகளில் பாதி இங்கேதான் நடக்கிறது. திருச்சியின் மூன்றெழுத்துக் குறியீடு டிஆர்இசட். திருவனந்தபுரம் டிஆர்வி, திருப்பதி டிஐஆர், தூத்துக்குடி டிசிஆர். நான்கையும் வேகமாகத் தட்டும்போது ஓரெழுத்து மாறினால் வேறு மாநிலத்துக்கே போய்விடும். சேலம் கதை இன்னும் மோசம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலும் ஒரு சேலம் உண்டு, அங்கேயும் விமான நிலையம் உண்டு. நம் சேலம் எஸ்எக்ஸ்வி, அவர்களுடையது எஸ்எல்இ. ஊர்ப் பெயரை மட்டும் தட்டினால் தூரக் கணிப்பான் எந்தச் சேலத்தை எடுத்தது என்பது விடை ஐந்திலக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும்.

யாழ்ப்பாணத்தின் குறியீடு ஜேஏஎஃப். நிலையம் இருப்பது பலாலியில், நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டரில். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை போட்ட ஓடுதளம் அது. 2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. பழைய வரைபடங்களிலும் பேச்சிலும் இன்றும் பலாலிதான்.

விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் பயன்படுத்துவது நான்கெழுத்துக் குறியீட்டை. திருச்சிக்கு விஓடிஆர், யாழ்ப்பாணத்துக்கு விசிசிஜே. முதல் இரண்டு எழுத்தே இடத்தைச் சொல்லிவிடும்: விஓ என்றால் தென்னிந்தியா, விசி என்றால் இலங்கை. ஐயம் வந்தால் இதை வைத்துச் சரிபாருங்கள். ஓரிகன் சேலத்தின் குறியீடு விஓ என்று தொடங்கவே முடியாது.

இரண்டாம் படி: ஆயங்களை எடுங்கள்

ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டாம். ஓடுதளத்தினுடையதை எடுங்கள். நீண்ட தடத்தில் 16 கிலோமீட்டர் ஒரு பொருட்டில்லை. 184 கிலோமீட்டர்த் தடத்தில் அது கிட்டத்தட்ட ஒன்பது விழுக்காடு. பாகை என்பது டிகிரி; அதில் அறுபதில் ஒன்று கலை, கலையில் அறுபதில் ஒன்று விகலை.

திருச்சி: வடக்கு 10 பாகை 45 கலை 55 விகலை, கிழக்கு 78 பாகை 42 கலை 35 விகலை.
யாழ்ப்பாணம்: வடக்கு 9 பாகை 47 கலை 32 விகலை, கிழக்கு 80 பாகை 04 கலை 12 விகலை.

இவற்றைத் தசமமாக மாற்ற வேண்டும். விகலையை 60ஆல் வகுத்துக் கலையோடு கூட்டுங்கள். வந்ததை மறுபடி 60ஆல் வகுத்துப் பாகையோடு கூட்டுங்கள். திருச்சியின் அட்சரேகைக்கு 55 ÷ 60 = 0.917, 45.917 ÷ 60 = 0.765; ஆக 10.765. மற்றவையும் இப்படியே: திருச்சித் தீர்க்கரேகை 78.710, யாழ்ப்பாணம் 9.792 மற்றும் 80.070.

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். 10 பாகை 45 கலையை அப்படியே 10.45 என்று எழுதிவிடுவார்கள். அதனால் வரும் பிழை 0.315 பாகை, அதாவது 35 கிலோமீட்டர். திருச்சி விமான நிலையத்தைத் தூக்கிக்கொண்டுபோய்த் தெற்கே வைத்ததற்குச் சமம். அடுத்த பிழை, அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றி இடுவது. சில மென்பொருள்கள் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். நம் பகுதியில் அட்சரேகை 8 முதல் 13 வரையும் தீர்க்கரேகை 76 முதல் 81 வரையும்தான் இருக்கும். சிறிய எண் எப்போதும் அட்சரேகை என்று நினைவில் வைத்தால் குழப்பம் இல்லை.

மூன்றாம் படி: தூரம்

வான்பயணத்தின் அளவுகோல் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். கிலோமீட்டரிலேயே கணக்குப் போடலாமே என்று தோன்றும், ஆனால் கடல் மைலில் ஒரு வசதி உண்டு. வடக்கு தெற்காக ஒரு பாகை நகர்ந்தால் 60 கடல் மைல். அவ்வளவுதான், சூத்திரமே இல்லை.

கிழக்கு மேற்காக நகரும்போது மட்டும் ஒரு திருத்தம் வேண்டும். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால், நடு அட்சரேகையின் கொசைனால் பெருக்க வேண்டும்.

அட்சரேகை வேறுபாடு: 10.765 − 9.792 = 0.973. இதை 60ஆல் பெருக்கினால் 58.4 கடல் மைல் தெற்கே.

தீர்க்கரேகை வேறுபாடு: 80.070 − 78.710 = 1.360. நடு அட்சரேகை 10.28. அதன் கொசைன் 0.984. 1.360 × 0.984 × 60 = 80.3 கடல் மைல் கிழக்கே.

இனிப் பள்ளிக்கூடத்துப் பைதகோரஸ்தான். 58.4ஐயும் 80.3ஐயும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 99.3 கடல் மைல். 1.852ஆல் பெருக்கினால் 184 கிலோமீட்டர்.

கொசைன் திருத்தத்தை மறந்தே போனாலும் நம் ஊரில் பெரிய சேதம் வராது. பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் எண் 0.98, 0.99 என்றுதான் வரும். லண்டன் அட்சரேகையில் அதே எண் 0.62. அங்கே மறந்தால் கணக்கு எங்கோ போய்விடும்.

இந்தத் தட்டைக் கணக்கு ஆயிரம் கிலோமீட்டர்வரை தாராளமாகப் போதும். அதற்குமேல் பூமியின் வளைவைச் சேர்த்தாக வேண்டும். இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். இரு அட்சரேகைகளின் கொசைன்களையும் தீர்க்கரேகை வேறுபாட்டின் கொசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி ஆர்க்-கொசைன் எடுத்தால் பாகையில் விடை வரும். அதை 60ஆல் பெருக்கினால் கடல் மைல். எக்செல் போன்ற விரிதாள்களில் இதைப் போடும்போது பாகையைக் கோணத்தின் இன்னோர் அலகான ரேடியனாக மாற்றிவிட்டுத்தான் சைன், கொசைன் எடுக்க வேண்டும்; ஆர்க்-கொசைன் ரேடியனில் தரும் விடையை மறுபடி பாகையாக்க வேண்டும். மாற்றாமல் போட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. பொருத்தமே இல்லாத ஓர் எண் அமைதியாக வந்து நிற்கும். அதுதான் ஆபத்து.

உங்கள் கணக்கு சரியா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று: சென்னை – யாழ்ப்பாணம். சென்னை நிலையம் 12.994, 80.171. யாழ்ப்பாணம் ஏறத்தாழ நேர் தெற்கே இருக்கிறது, தீர்க்கரேகை வேறுபாடு பத்தில் ஒரு பாகைதான். 3.202 பாகையை 60ஆல் பெருக்கினால் 192 கடல் மைல், 356 கிலோமீட்டர். இந்த எண் வரவில்லையென்றால் எங்கோ கலை, விகலையில் சறுக்கியிருக்கிறீர்கள்.

நான்காம் படி: பறப்பு நேரம்

இங்கேதான் நிதானம் வேண்டும். ஏடிஆர் 72–600 விமானத்தின் உச்சப் பயண வேகம் சுமார் 275 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்), அதாவது மணிக்கு 510 கிலோமீட்டர். 184ஐ 510ஆல் வகுத்தால் 22 நிமிடம். ஆனால் விமானம் அந்த வேகத்தில் பறப்பது சமமட்டத்தில் மட்டும்தான். திருச்சிக்கும் பலாலிக்கும் நடுவே அது சமமட்டத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பாருங்கள்.

தென்கிழக்கே போகும் விமானத்துக்கு ஒற்றைப்படை ஆயிரங்களில்தான் உயரம் கிடைக்கும்: 13,000, 15,000, 17,000 அடி என்று. எதிர்த் திசையில் வருவது இரட்டைப்படை ஆயிரங்களில் வரும். எதிரெதிரே வரும் விமானங்கள் ஒரே மட்டத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ள உலகெங்கும் உள்ள ஏற்பாடு இது. 15,000 அடி என்று வைத்துக்கொள்வோம். ஏடிஆர் சராசரியாக நிமிடத்துக்கு ஆயிரம் அடி ஏறினால் 15 நிமிடம் ஆகும். ஏறும்போது தரைவேகம் சுமார் 200 நாட். ஆக, ஏறி முடிக்கவே 50 கடல் மைல் போய்விடுகிறது.

இறங்குவதற்கு விமானிகளின் எளிய விதி: ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல். 15,000 அடிக்கு 45 கடல் மைல்.

ஏற 50, இறங்க 45. மொத்தத் தடமே 99. சமமட்டத்தில் மிஞ்சுவது நான்கு மைல், ஒரு நிமிடப் பறப்பு. ஏறி முடித்து மூச்சு விடுவதற்குள் இறக்கம் தொடங்கிவிடும். பணியாளர்கள் தண்ணீர் கொடுக்க ஏன் அவசரப்படுகிறார்கள் என்பதற்கும் காரணம் இதுதான்.

இதே தடத்தில் ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட்டை விட்டால் வேகமாகப் போகாதா? 35,000 அடியிலிருந்து இறங்க மட்டும் அதே விதிப்படி 105 கடல் மைல் வேண்டும், தடத்தின் நீளமே அவ்வளவு இல்லை. ஆகவே ஜெட் தாழ்வான உயரத்திலேயே, தன் உண்மையான வேகத்தைத் தொடாமல் ஓட வேண்டியிருக்கும். எரிபொருள் கூடுதலாகப் போகும், மிச்சமாவதோ சில நிமிடங்கள். குறுந்தூரத்துக்கு விமான நிறுவனங்கள் விசிறி வைத்த விமானத்தைத் தேர்வது கஞ்சத்தனத்தால் மட்டும் அல்ல.

இனிக் கூட்டிப் பாருங்கள். ஏற்றம் 15 நிமிடம், சமமட்டம் 1, இறக்கம் 11 அல்லது 12. ஓடுதளத்துக்கு நேராகத் திரும்பி, வேகம் குறைத்து, சக்கரம் இறக்கித் தரை தொட 5 முதல் 8 நிமிடம். வானில் மொத்தம் ஏறத்தாழ 35 நிமிடம். ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளங்களில் நீங்கள் பார்ப்பது இந்த வான்நேரம்தான்.

ஐந்தாம் படி: அட்டவணை நேரம்

டிக்கெட்டில் அச்சாகும் புறப்பாட்டு நேரம் விமானம் வானில் எழும் நேரம் அல்ல. சக்கரக்கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நேரம் அது. வருகை நேரம் தரைதொடும் நேரமும் அல்ல, நின்று மறுபடி கட்டை வைக்கும் நேரம். கட்டை எடுத்ததிலிருந்து கட்டை வைப்பதுவரை உள்ளதைத்தான் அட்டவணை சொல்கிறது. அதில் இயந்திரங்களைக் கிளப்பி ஓடுதளம்வரை உருண்டு போக 8 முதல் 10 நிமிடம், இறங்கியபின் நிறுத்துமிடம்வரை 4 அல்லது 5 நிமிடம். வானில் இருந்த 35 இப்போது 50 ஆகிவிட்டது. மழை, நெரிசல், ஓடுதளத் திசைமாற்றம் இவற்றுக்காக நிறுவனம் சில நிமிடம் கூட்டி வைக்கும். கடைசியில் அட்டவணையில் ஒரு மணி நேரம் என்று வந்து நிற்கும். பருவத்துக்குப் பருவம் அட்டவணை மாறும் என்பதால் உங்கள் டிக்கெட்டில் ஐந்து பத்து நிமிடம் முன்பின் இருக்கலாம்.

இத்தனையையும் ஒவ்வொரு முறையும் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். கைக்கணக்கு ஒன்று போதும்.

ஏடிஆர் விமானத்துக்கு: கடல் மைலை 4ஆல் வகுத்து, 30 நிமிடம் கூட்டுங்கள்.

திருச்சி – யாழ்ப்பாணம்: 99 ÷ 4 = 25, கூட்டல் 30, ஆக 55 நிமிடம். சென்னை – யாழ்ப்பாணம்: 192 ÷ 4 = 48, கூட்டல் 30, ஆக 78 நிமிடம். தூரம் ஏறத்தாழ இரட்டிப்பு, நேரமோ 23 நிமிடம்தான் கூடுதல். அந்த 30 நிமிடம் எந்தத் தடத்துக்கும் மாறாத செலவு. தூரம் குறையக் குறைய அதன் பங்கு வீங்கிக்கொண்டே போகும்.

ஜெட்டுக்கு வேறு வகுத்தி. 300, 400 கடல் மைல்வரை 6ஆல் வகுத்து 30 கூட்டுங்கள். அதற்குமேல் 7.5ஆல் வகுத்து 30 கூட்டுங்கள். மதுரை – சென்னை 226 கடல் மைல். ஜெட்டில் 38 + 30 = 68 நிமிடம். அதே தடத்தில் ஏடிஆர் என்றால் 56 + 30 = 86 நிமிடம். ஒரே தடத்தில் இரண்டு டிக்கெட்டில் இரண்டு நேரம் இருந்தால் நிறுவனம் ஏமாற்றுகிறது என்று பொருள் இல்லை, விமான வகையைப் பாருங்கள். நீண்ட தடத்துக்குத் திருச்சி – சிங்கப்பூர்: சுமார் 2,980 கிலோமீட்டர், 1,609 கடல் மைல். 7.5ஆல் வகுத்தால் 215, கூட்டல் 30, நான்கு மணி ஐந்து நிமிடம்.

சிங்கப்பூர் போன்ற ஊருக்குச் சரிபார்க்கும்போது கடிகார வேறுபாட்டை மறக்காதீர்கள். டிக்கெட்டில் இரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். அதிகாலை 1.00க்குப் புறப்பட்டு 7.40க்குச் சேர்கிறது என்று இருந்தால் ஆறு மணி நாற்பது நிமிடப் பயணமா என்று திகைக்க வேண்டாம், இரண்டரை மணி நேரத்தைக் கழியுங்கள். யாழ்ப்பாணத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. 2006 ஏப்ரலிலிருந்து இலங்கையும் இந்தியாவும் ஒரே நேரம். சில பழைய கணிப்பான்களில் இலங்கைக்கு அரைமணி வேறுபாடு காட்டினால் அது 2006க்கு முந்தைய தரவு.

எது நேரத்தை மாற்றும், எது மாற்றாது

காற்று என்று எல்லாரும் சொல்வார்கள். நீண்ட தடத்தில் உண்மை. இங்கே? 250 நாட் வேகத்தில் 99 கடல் மைலுக்கு 24 நிமிடம். பின்னாலிருந்து 20 நாட் காற்று தள்ளினால் 22 நிமிடம். இரண்டு நிமிட லாபத்துக்குக் காற்று வரைபடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே காற்று தரையில் வேறு விதமாக விளையாடும். விமானங்கள் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். திருச்சி ஓடுதளம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, நீளம் 2,480 மீட்டர். தென்மேற்குப் பருவக்காலத்தில் மேற்கிலிருந்து காற்று அடிப்பதால் விமானம் மேற்கு நோக்கி, அதாவது யாழ்ப்பாணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழும்பும். பிறகு அரைவட்டம் அடித்துத் திரும்ப வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் அதிலேயே போகும். வாடைக்காற்றுக் காலத்தில் கிழக்கு நோக்கி எழும்பினால் அந்தச் சுற்று மிச்சம். வந்திறங்கும் விமானத்துக்கு இது தலைகீழ்.

நேர்கோட்டில் பறப்பதும் இல்லை. வான்வழிப் புள்ளிகள் வழியாகத்தான் போக வேண்டும். நடுவில் சென்னை வான்கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து கொழும்பு வான்கட்டுப்பாட்டுப் பகுதிக்குக் கைமாற வேண்டும். கைக்கணக்கின் 30 நிமிடத்தில் இவையெல்லாம் அடங்கிவிடுகின்றன.

உண்மையில் அட்டவணையைக் குலைப்பவை இரண்டு. ஒன்று, இடிமேகம். ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களிலும் அக்டோபர், நவம்பர் மழையிலும் ஏடிஆர் விமானத்தால் மேகத்துக்கு மேலே ஏறித் தப்ப முடியாது. அதன் உச்சவரம்பே 25,000 அடி. இடிமேகங்கள் அதைத் தாண்டி வளரும். சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும், அல்லது காத்திருக்க வேண்டும். பலாலியில் இறங்க முடியாமல் போனால் மாற்று நிலையத்துக்குப் போக எரிபொருளும், அதற்குமேல் 30 நிமிடம் வட்டமிட எரிபொருளும் கையிருப்பில் இருக்கும். விமானம் திரும்பி வந்தாலோ வேறிடத்தில் இறங்கினாலோ அது விதிப்படி நடப்பதுதான், பதற வேண்டாம்.

இரண்டாவது, முந்தைய தடத்தின் தாமதம். ஒரே ஏடிஆர் நாள் முழுக்க நான்கைந்து ஊருக்கு ஓடும். காலையில் எங்கோ விழுந்த 20 நிமிடம் மதியத்துக்குள் ஒரு மணி நேரமாக வளர்ந்துவிடும். பயண தூரம் குறைவென்பதால் வானில் அதை ஈடுகட்டவும் வழியில்லை. நான்கு மைல் சமமட்டத்தில் எவ்வளவுதான் விரட்ட முடியும்? அட்டவணையிலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு வைப்பார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டு வாசலிலிருந்து வாசல்வரை

பறப்பு ஒரு மணி. பயணமோ அரைநாள். 184 கிலோமீட்டர் என்ற எண்ணைப் பார்த்து உள்நாட்டுப் பயணம்போல் நினைத்துவிடக் கூடாது. தூரம் எவ்வளவு குறைந்தாலும் இது பன்னாட்டுப் பயணம். பாஸ்போர்ட், இமிகிரேஷன், கஸ்டம்ஸ் எல்லாம் உண்டு.

பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வார்கள். திருச்சியின் புதிய முனையம் 2024 ஜூனிலிருந்து இயங்குகிறது, பழைய முனையத்தின் நெருக்கடி இல்லை. ஆனால் சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா விமானங்கள் பக்கத்துப் பக்கத்தில் கிளம்பும் வேளையில் இமிகிரேஷன் வரிசை நீளும். இரண்டரை மணி நேரத்துக்குக் குறைக்காதீர்கள். கவுன்ட்டர் மூடும் நேரம் 60 அல்லது 75 நிமிடம் முன்பாக இருக்கும். டிக்கெட்டில் எழுதியிருப்பதே வேதம். விமானம் கண்ணெதிரே நின்றாலும் மூடிய கவுன்ட்டர் திறக்காது.

விசா அனுமதியை விமான நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். இலங்கைக்கு இணையவழி முன் அனுமதி முறை இருக்கிறது. விதிகளும் கட்டணமும் அடிக்கடி மாறியிருக்கின்றன. அரசுத் தளத்தில் பயண வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதே பெயரில் கூடுதல் கட்டணம் பிடுங்கும் தனியார் தளங்களும் உண்டு.

மூட்டை விஷயத்தில் ஏடிஆர் கண்டிப்பானது. தலைக்குமேல் உள்ள பெட்டிகள் சிறியவை. ஏர்பஸ்ஸில் நுழையும் சக்கரப் பெட்டி இங்கே நுழையாமல் விமான வாசலிலேயே வாங்கிச் சரக்கறையில் போடுவார்கள், இறங்கியபின் தருவார்கள். மருந்து, பாஸ்போர்ட், பணம், செல்பேசி ஆகியவற்றைத் தனியே ஒரு சிறு பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பலாலி சிறிய நிலையம். ஒரே நேரத்தில் ஒரு விமானப் பயணிகள்தான் என்பதால் குடிவரவும் சுங்கமும் 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்தில் முடியும். முன்வரிசையில் அமர்ந்தால் முன்னே இறங்கலாம் என்று இங்கே நினைக்க வேண்டாம். ஏடிஆரில் பயணிகள் ஏறி இறங்குவது பின்பக்கக் கதவு வழியாக, ஆகவே கடைசி வரிசைதான் முதலில் வெளியே போகும். எழுபது எண்பது பேர் வரிசையில் அது 20 நிமிட லாபம். நகருக்கு 16 கிலோமீட்டர், வண்டியில் 30 முதல் 40 நிமிடம்.

திருச்சி மத்தியப் பேருந்து நிலையப் பக்கத்திலிருந்து கிளம்பினால்: நிலையம்போக 20 நிமிடம், முன்னதாகக் காத்திருப்பு மூன்று மணி, பறப்பு ஒரு மணி, பலாலியில் ஒரு மணி, நகருக்கு 40 நிமிடம். ஆக ஆறு மணி நேரம். வண்டிக்காரருக்குச் சொல்ல வேண்டிய நேரம், அட்டவணை வருகைக்கு ஒரு மணி நேரம் கழித்து.

மற்ற வழிகளோடு ஒப்பிட்டால்தான் இந்த ஆறு மணி நேரத்தின் மதிப்பு தெரியும். நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் கடலில் மட்டும் சுமார் நான்கு மணி நேரம். அதற்குமுன் திருச்சியிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர்ச் சாலை. வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளித்தால் சேவை நின்றுவிடும். கொழும்பு வழியாகப் போனால் பறப்பு ஒரு மணியளவுதான், ஆனால் அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி 400 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. பேருந்தில் ஓர் இரவு போய்விடும். சாமான் நிறைய இருப்பவர்கள் கப்பலையும் எடைபோட்டுப் பார்க்கலாம். நேரம் முக்கியம் என்றால் நேரடி விமானத்துக்கு ஈடு இல்லை.

கிளம்பும் நாளில்

விமானத் தடம் காட்டும் தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டு, அன்றைய விமானம் எந்த ஊரிலிருந்து திருச்சிக்கு வந்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள். அது இறங்கியபின் பயணிகள் இறங்கி, துடைத்து, எரிபொருள் போட்டு, மறுபடி ஆளேற்ற ஏடிஆருக்கு அரைமணி நேரமாவது வேண்டும். வரும் விமானம் இன்னும் தரைதொடாத நிலையில் உங்கள் புறப்பாட்டுக்கு 20 நிமிடம்தான் இருக்கிறது என்றால், பலகையில் ‘நேரத்துக்கு’ என்று ஓடினாலும் தாமதம் உறுதி. யாழ்ப்பாணத்தில் காத்திருப்பவருக்கு அப்போதே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். கடலுக்கு மேலே போனபின் செல்பேசியில் சிக்னல் இருக்காது.